பத்துக்கு ஏழரை

நாங்குநேரி டோல்கேட், மூணாவது லேன்.
ராத்திரி பத்துலருந்து காலைல ஆறு வரைக்கும் முப்பிடாதி.
ஸ்கேனர் ஒழுங்கா இருந்தா
எனக்கும் உங்களுக்கும் ஒரு பேச்சும் கிடையாது.
கம்பி தூக்கும், நீங்க போயிருவிய.
மக்கர் பண்ணினா மட்டும்
கைமெஷினோட கண்ணாடியைத் திறப்பேன்.
பதினஞ்சு செகண்டு.
ஒரு படத்துக்கு அது போதும் எனக்கு.

களக்காட்டு வாழைத்தார் ஏத்திக்கிட்டு
மாசானமுத்து அண்ணாச்சி வருவாவ.
"என்ன தாயி, இந்த வாரம் தேறுமா?"
"மொதப் பாதி ஓடுது அண்ணாச்சி.
ரெண்டாம் பாதி, பணகுடிக் காத்துல
எதிர்க்க சைக்கிள் மிதிச்ச மாதிரி."
"அந்தப் பேய்ப் படம்?"
"பேய் நல்லா நடிச்சிருக்கு.
மத்தவங்கதான் பயமுறுத்துதாவ."

இன்னொண்ணு, எங்க ஊருன்னு சொல்லி எடுத்தது.
ஊர்ல உள்ளவன் பூராம்
அரிவாளைத் தலைக்கு வச்சுத் தூங்குதான்.
"ஏலே" போடாம ஒருத்தன் தண்ணி கேக்கல.
பின்னால தெரிஞ்ச மலை எங்க மலையே இல்ல,
எங்க மலைக்கு நெத்தி அப்படியா இருக்கும்?
ரெண்டரை.
அந்த அரையும் டீக்கடை ஓரமா
சும்மா நின்ன ஆட்டுக்கு.

'மதகு எண் ஏழு', எட்டு எபிசோடு.
ரசீது ரோலுக்குப் பின்னால போனைச் சாச்சு வச்சு
லாரிக்கும் லாரிக்கும் நடுவுல
மூணு நிமிசம், நாலு நிமிசமா
பதினோரு ராத்திரி பார்த்தேன்.
கொலைகாரன் செருப்பைக் கழட்டுத நேரம்
ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடிச்சான்.
கழுத்துல கத்தி நிக்கும்போது
ஐநூறுக்குச் சில்லறை கேட்டான் ஒருத்தன்.
அதுக்குப் பாதி எடிட்டிங் நான் பண்ணுனதுதான்.

ஏழு முடிச்ச அன்னைக்கு அண்ணாச்சி லாரி.
முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு,
மனுசன் எட்டையும் பார்த்துட்டாவ.
"தாயி, அந்த டேம் லஸ்கர் இருக்காம்லா, அவன்..."
ஸ்கேன் ஆகல, காசும் வாங்கல.
பட்டுன்னு கம்பியைத் தூக்கிவிட்டுட்டேன்.
வண்டி போச்சு, கொலைகாரனும் தப்பிச்சான்,
டோல் பணம் என் சம்பளத்துல பிடிச்சுட்டாவ.

இனி அந்தத் தீபாவளிப் படம்.
நாலாவது லேன் பெனிட்டாவும் நானும்
டூட்டி முடிச்சு, கண்ணு எரிய எரிய
பாளையங்கோட்டைல காலைக் காட்சி.
இடைவேளைக்கு முந்தி ஹீரோ கார்
ஒரு டோல்கேட்டை உடைச்சுக்கிட்டுப் பறக்குது.
கம்பி ரெண்டாத் தெறிக்குது.
தியேட்டரே எந்திரிச்சு விசில்.
நானும் அடிச்சேன், பொய் சொல்லமாட்டேன்,
நாக்கை மடிச்சு, ரெண்டு விரல் வச்சு.

அந்த விசில் முடியல.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நீலச் சட்டையில ஒரு பிள்ளை.
ரெண்டே செகண்டு.
காரை அவ பாக்கவே இல்ல,
குனிஞ்சு
சில்லறை டப்பாவை ரெண்டு கையாலயும் அணைச்சா.

யாரு சொல்லிக்குடுத்தா அதை?
போன ஆடியில ஒருத்தன் என் கம்பியை உடைச்சுட்டுப் போனப்போ
நானும் அதைத்தான் செஞ்சேன்.
கேமராவுல ஓட்டிப் பார்த்து
சூப்பர்வைசர் சிரிச்சாரு,
"உசுரைப் பிடிப்பான்னு பார்த்தா டப்பாவைப் பிடிக்கா."

கடைசியில பேரு ஓடும்போது
பெனிட்டா கையைப் பிடிச்சு இழுக்கா, நான் நகரல.
தெரியாத பேரை எப்படித் தேட?
கேரவன் ஓட்டுனவர் பேரு இருந்துச்சு,
நாய்க்குட்டிக்குச் சோறு வச்சவர் பேரு இருந்துச்சு.
கூட்டுத ஆள் விளக்கைப் போட்டுட்டாரு.

இன்னும் ரெண்டு தடவை போனேன்.
நாலு செகண்டுக்கு ரெண்டு டிக்கெட்டு.
எங்க அம்மைக்குத் தெரிஞ்சா
கோட்டி பிடிச்சிருக்குன்னு கொடை குடுத்துருவா.

நேத்து ஸ்கேனர் மக்கர்.
அண்ணாச்சி கேட்டாவ, "அந்தக் கார்ப் படம் எப்படி தாயி?"
"பத்துக்கு ஏழரை."
"ஏழரையா? சனி மாதிரில்லா இருக்கு!
அவ்வளவு பெரிய ஹீரோவுக்கு அவ்வளவுதானா?"
"ஹீரோவுக்கு அரை.
மீதி ஏழும் வேற ஆளுக்கு."
"யாருக்கு?"

மெஷின் கீச்சுன்னு ரசீதைத் துப்புச்சு.
நீங்களே பார்த்துக் கண்டுபிடிங்க.
இப்போ வண்டியை எடுங்க,
பின்னால பால் வண்டி நிக்குது.