வேர் சிகிச்சை, நான்கு அமர்வுகள்

வேப்பேரியில் அந்த மாடிப்படி செங்குத்து.
கீழே நாய்த்தீவனக் கடை,
இரண்டாம் தளத்தில் டாக்டர் ஹெப்சிபா, பல்.
ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளன்று
கன்னத்தைப் பிடித்தபடி ஏறினேன்.

அலமாரியில் பஞ்சு உருளைகள், பிளாஸ்டர் பற்கள்,
நடுவில் ஒரு டேப்ரெக்கார்டர்.
"பாட்டு இருந்தா பரவாயில்லையா?"
கேட்டது, என் வாய்க்குள் இரண்டு விரல் வைத்த பிறகு.

முதலில் பேஸ் கிட்டார் வந்தது,
தூங்குகிற வீட்டில் யாரையும் மிதிக்காமல்
தண்ணீர் குடிக்கப் போகிறவனைப்போல.
அப்புறம் ஒருவன் பாடினான்.
பாடினான் என்பதைவிட
தோள்மேல் கை போட்டான்.

எனக்கு ஆங்கிலம் படிவங்களில்தான் பழக்கம்.
புரிந்தது பேபி என்ற ஒரு சொல்.
பதினொரு முறை சொன்னான்.
பதினோராவது முறை அவள் அறையில் இல்லை என்று
எப்படியோ தெரிந்துவிட்டது.

"விட்டுட்டுப் போனவளைப் பத்தித்தான்" என்றார் டாக்டர்,
ஊசியைத் தட்டிக்கொண்டே.
ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு
வந்து நின்றல்லவா பாடுகிறான்.
ட்ரில் தன் ஒற்றைச் சுரத்தில் வீறிட்டது.
பாட்டு அதோடு சண்டைக்குப் போகவில்லை,
அடியில் ஒரு மெத்தையை விரித்துவிட்டு
நகர்ந்துகொண்டது.

மைத்துனன் ஜெயசீலனிடம் சொன்னேன்.
அவன் கிட்டாரை உடைக்கிற கட்சி.
"லிப்ட்டுல போடுற பாட்டு அதெல்லாம். வெண்ணெய்."
வெண்ணெய்தான்.
கடையாமல் திரண்டதா என்ன?

இரண்டாம் அமர்வு.
எழுபத்தாறில் வந்த பாட்டாம்.
நான் பிறக்க இன்னும் ஏழு வருடம்.
அப்பா அப்போது மில்லில் இரவு ஷிப்ட்,
தறிச் சத்தத்தைத் தாண்டி
எதுவும் அவர் காதில் விழுந்திருக்க வழியில்லை.
பிறகு ஏன் இந்தப் பாட்டு
பஸ்ஸில் எப்போதோ விட்டுவந்த குடையை
யாரோ வீடு தேடி வந்து கொடுப்பதுபோல் இருக்கிறது?
கேட்டிருப்பேன். வாய் திறந்துதான் இருந்தது.
உள்ளே எச்சில் உறிஞ்சும் குழாய்.
கூரையிலிருந்து பார்த்தால்
உச்ச ஸ்தாயியில் பாடுகிறவன் போலவே
கிடந்திருப்பேன்.

மூன்றாவதில் டிஸ்கோ.
தட்டு ஏந்திய குணவதியின் கையில்
இடுக்கிகள் சிணுங்கின.
பாதிப் பல்லில் கரண்ட் போயிற்று.
பாடுகிறவளின் குரல் தடித்து, ஆணாகி,
கிணற்றில் இறங்கி, நின்றது.
ட்ரில் நின்றது. ஏசி நின்றது.
கீழே ஏதோ ஒரு நாய், தீவனம் வாங்க வந்த நாய்,
ஒருமுறை குரைத்தது.

இருட்டில் குணவதியின் செருப்பு மட்டும்
விட்ட இடத்திலிருந்து தட்டியது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் ஒரே கனத்தில்.
முகக்கவசத்துக்குள்ளிருந்து
டாக்டர் வயலின்களை முணுமுணுத்தார்.
எந்த வருடம், யாரோடு, எந்தப் பெரம்பூர் நடனத் தளத்தில்
ஆடிய கால் அது?
என் வாயில் பஞ்சு.
வலது கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.
நான் அதை ஆடச் சொல்லவில்லை.

கரண்ட் வந்தது.
பாட்டு கிணற்றிலிருந்து ஏறிவந்தது,
எங்களைவிட அரை அடி பிந்தி.
மூவரும் சற்றே நிதானித்தோம்.
ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

நான்காவதில் கவசம் பொருத்த, ஈறில் மீண்டும் ஓர் ஊசி.
"வலி போயிடுச்சா?"
போய்விட்டது.
நாலாயிரத்து ஐந்நூறு, ரசீது வேண்டாம்
என்று சொல்லி இறங்கினேன்
நான், ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன்.

புரசைவாக்கம் சிக்னல்.
சிவப்பில் நூற்றுப்பதினேழு நொடி.
பாதி உதடு இன்னும் என்னுடையதில்லை.
ஹெல்மெட்டுக்குள்
பேபி என்று சொல்லிப் பார்த்தேன்.
வேவி என்று வந்தது.
பக்கத்து பைக்கில் இருந்த போலீஸ்காரர்
திரும்பிப் பார்த்தார்.
இன்னும் தொண்ணூறு நொடி இருந்தது.
இன்னொரு முறை சொன்னேன்.