மரமுட்டை

கண் மஞ்சளென்றால் பெட்டை.
இருண்டிருந்தால் சேவல்.
கருங்கழுத்து நாரைக்கு வேறு அடையாளமில்லை
என்று முதல்நாளே சொல்லித்தந்தார்கள்.
ஆறாம் இலக்கத்துக்கு மஞ்சள் கண்.

கூண்டில் அவளுக்கு மீன் ஊட்டியது
நாரைத்தலை தைத்த ஒரு கையுறை.
உள்ளே என் கை.
மனித முகம் மனதில் பதிந்துவிட்டால்
பிறகு மனிதரிடம்தான் சோடி தேடுமாம்.
இருமலையும் விழுங்கிக்கொண்டு ஊட்டினேன்.

படிவத்தின் தலைப்பு மீள்குடியமர்த்தல்.
அதே சொல்தான்.
எனக்கும் ஒருதரம் நிரப்பினார்கள்:
ஆட்கள் எத்தனை, கூரைக்குத் தகரம் எத்தனை.

போன மார்கழி,
ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே, பெயர்ப்பலகை விழுந்த குளத்தில்
வான் பாய்ந்து ஓய்ந்திருந்தது.
பதினொன்றாம் இலக்கமும் அவளும் எதிரெதிரே நின்று
சிறகை விரித்து நடுக்கி
அலகுகளைச் சடசடவென்று அடித்தார்கள்.
யூஜின் தொலைநோக்கியை என்னிடம் தராமலே
பத்து நிமிடம் பார்த்தான்.

குளக்கட்டு மருதின் உச்சியில் கூடு.
சுள்ளி, கோரை,
யாரோ விட்டுப்போன நீலத் தறப்பாளில் ஒரு கிழிசல்.
மூன்று முட்டை.
கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது:
முதல் முட்டைகள் பொரிபெட்டிக்கு.
ஏணி வைத்து நான்தான் ஏறினேன்.
மூன்றை எடுத்து மூன்றை வைத்தேன்,
மரத்தில் கடைந்து சுண்ணாம்பு பூசியவை.

நாற்பத்துநாலு நாள் அடைகிடந்தாள்.
மணிக்கொருதரம் எழுந்து
மரத்தை அலகால் புரட்டினாள்.
மத்தியான வெயிலுக்கு வாய்நிறையத் தண்ணீர் கொண்டுவந்து
மரத்தைக் குளிர்த்தினாள்.
நேரம், தடவை, காற்றின் திசை,
எல்லாம் குறித்தேன்.
நாற்பத்தைந்தாம் நாள்
ஒன்றைக் கவ்வி வெளியே போட்டாள்.
அது உடையவில்லை.

(பொரிபெட்டியில் ஒன்று பொரித்தது.
மற்ற இரண்டையும் மின்வெட்டு கொண்டுபோனது.)

இந்த வருசம் மருதில் ஒன்றுமில்லை.
ஐந்து கிழமை தேடினோம்.
கடைசியில் யூஜின்தான் கண்டான்:
வடக்குக் கரைக்கு அப்பால்
சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கும் அப்பால்
இன்னும் மிதிவெடி எடுக்காத துண்டுக் காணியில்
தனித்த ஒரு பாலைமரம்.

பலகை வாசிக்கத் தெரிந்த எவரும்
அங்கே ஏணி கொண்டுபோகமாட்டார்.

படிவம் கேட்கிறது:
கூட்டை அணுகிய தூரம்.
அறுநூறு மீற்றர்.
முட்டைகளின் எண்ணிக்கை.
கோடு மட்டும் கீறிவிட்டேன்.

வெயில் ஏறுகிறது. எழுகிறாள்.
குனிந்து எதையோ புரட்டுகிறாள்,
மெதுவாக,
உடையக்கூடிய ஒன்றைப் புரட்டுவதுபோல.