ஆய்வுக்கு மட்டும்

ஹெப்பாள் மேம்பாலத்தில் இரண்டு மணி நேரம்
நின்றுவிட்டு வந்தது பெட்டி.
உலர்பனி பாதி புகையாகிப் போயிருந்தது.
கையெழுத்து வாங்கிக்கொண்டே கேட்டான் கூரியர் பையன்:
"உள்ள ஐஸ்கிரீமா மேடம்?"

பத்து மைக்ரோகிராம்.
என் ஜாலஹள்ளி வாடகையைவிட நாலாயிரம் அதிகம்.
சுண்டுவிரல் நுனியளவுக் குழாய்,
அதன் இடுப்பில் சுற்றிய சீட்டில் இரண்டு வரி:
மனிதப் புரதம்.
மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.

இது ஒப்பிட்டுப் பார்க்க வாங்கியது.
எங்களுடையதை நாங்களே வளர்க்கிறோம்,
இரவெல்லாம் குலுங்கும் குடுவைகளில்,
லிட்டர் லிட்டராய்ப் பாக்டீரியா.
காலையில் மூடி திறந்தால்
புளித்த மாவும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை.
அதற்குள் எங்கோ ஃப்ராடாக்சின்.

மரபணு யாருடையதோ. பெயர் கிடையாது.
பாக்டீரியாவுக்கு வாய் வருகிற மாதிரி
எழுத்தை மட்டும் மாற்றி எழுதி வாங்கியிருக்கிறோம்,
ஆட்டோக்காரரிடம் சொல்லவேண்டிய கன்னடத்தை
நான் தமிழில் எழுதி வைத்திருப்பதைப் போல.

முன்னால் இருந்த எண்பது அமிலங்கள் விலாசம்.
மைட்டோகாண்ட்ரியா வாசல்வரை கூட்டிப்போக.
உள்ளே நுழைந்ததும் அங்கே வெட்டிவிடுவார்கள்.
இங்கே வாசலே இல்லை,
நாங்களே வெட்டிவிட்டோம்.
பதிலுக்கு ஆறு ஹிஸ்டிடின்,
நிக்கல் பிடித்து இழுக்க ஒரு குடுமி.

இருநூறு கோடி வருடம் முன்பு
ஒரு பாக்டீரியா வேறொன்றின் வயிற்றுக்குள் போனது.
செரிக்கவில்லை, திரும்பவும் இல்லை,
அங்கேயே அடுப்பு மூட்டிக் குடியிருந்துவிட்டது.
அந்தக் குடித்தனத்துச் சாமானை
இப்போது இன்னொரு பாக்டீரியாவிடமே
செய்து தரச் சொல்கிறோம்.
"அதுக்கு ஞாபகம் இருக்குமா?" என்றேன்.
ஷர்வாணி குழாயிலிருந்து கண்ணெடுக்காமல்,
"இருந்தா பாக்கி வாடகை கேட்கும்" என்றாள்.

குளிரறையில் நாலு டிகிரி. வெளியே சித்திரை.
ஸ்வெட்டர் முழங்கையில் ஓட்டையோடு
நீலத் தூணுக்கு எதிரே ஸ்டூல் போட்டு
சொட்டு விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாதத்தின் முதல் திங்களன்று
தாவணகெரேயிலிருந்து மல்லேசப்பா கூப்பிடுவார்.
எங்கள் படம் வந்த பேப்பர் துண்டை வைத்திருக்கிறார்.
"ரெடி ஆய்த்தா மேடம்?"
இன்னும் இல்லை சார்.
பிறகு செய்தி சொல்வார், ஒரே ஒரு செய்தி.
கார்த்திகையில்: ஸ்பூர்த்தி சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள்.
தையில்: சுவரைப் பிடித்து நடக்கிறாள்.
போன மாதம்: ஸ்பூன்.
அதற்குமேல் சொல்லவில்லை.

போன மாதமே இதையும் கேட்டார்:
"மனுஷங்களோடதுதானே? ஒரு சொட்டு குடுங்க.
கெட்டுப்போனதா இருந்தாலும் பரவாயில்ல."
பாக்டீரியாக் கசடு இருக்கும், ஜுரம் வரும் என்றேன்.
அனுமதி, விதி, வருடங்கள் என்றேன்.
உடம்பில் ஏற்றினாலும் போகவேண்டிய இடத்துக்கு
அதற்கு வழி தெரியாது சார் என்றேன்.
ஏன் என்று கேட்டிருந்தால்
விலாசத்தை வெட்டியது நாங்கள்தான் என்று
சொல்லியிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.

இன்று ஜெல்லில் இரண்டு நீலக் கோடுகள்,
கடையில் வாங்கியது, நாங்கள் செய்தது,
ஒரே உயரத்தில்.
எங்களுடையதன் மேலே மங்கலாய் வேண்டாத விருந்தாளி ஒருவர்.
ஷர்வாணி டீ வாங்கப் போயிருக்கிறாள், இனிப்போடு வருவாள்.

எங்கள் குழாய்களில் அந்த இரண்டாவது வரிக்கு இடமில்லை.
தேதி, அளவு, என் முதலெழுத்து,
அவ்வளவுதான் பிடிக்கும்.
பதினோரு குழாய்கள். மைனஸ் எண்பதில் வைத்துச் சாத்தினேன்.
சாத்திய பிறகு பார்த்தால்
பன்னிரண்டாவது கையிலேயே இருக்கிறது.

அந்தக் கதவு அப்படித்தான்.
மூடியதும் உள்ளே காற்றுச் சுருங்கி
சற்று நேரம் யார் இழுத்தாலும் திறக்காது.
உள்ளங்கையில் பொத்தினால் சூடேறும்,
விரல்நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

மேசையில் போன் அடிக்கிறது.
இன்று திங்கள்.