சரக்கு

நானூறு வருஷத்துப் பழைய லண்டன் நாடகம்.
ராயபுரம் பள்ளி ஹாலில் ஒத்திகை.
எனக்கு வியாபாரி வேஷம்:
மிளகு, கிராம்பு, சீனப்பட்டு, சாயத்துணி என
ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு
கப்பலுக்காகத் தவிக்க வேண்டும்.

மூட்டைக்கு மணல் போதும் என்றோம்.
பெலவேந்திரன் கேட்கவில்லை.
மண்ணடிக் கிடங்கிலிருந்து
நிஜ மிளகுச் சாக்கையே தோளில் கொண்டுவந்தான்.
தையல் பிரிந்தது.

லண்டனே தும்மியது.
கடன்காரன் தும்மினான், காவல்காரன் தும்மினான்,
மணப்பெண் முக்காட்டுக்குள் மூன்று தரம்.

"இன்னாபா, கப்பல் வரலன்னு இந்த அழுவ அழுவுறியே,
அதுல ஏத்துனவனுக்கு ஒரு வரிகூடவா இல்ல?"

பிரதியைப் புரட்டினேன்.
இல்லை.

வெளியே எண்ணூர் ரோட்டில்
டிரெய்லர்கள் நகரவேயில்லை.
அவன் குனிந்து
மேடைப் பலகை இடுக்கில்
ஒவ்வொரு மிளகாய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
காலையில் எடை போடுவார்கள்.