பதினேழு பேர்

காலை ஏழேகாலுக்கு ஸ்ரான்லி வீதியில்
பஸ் கதவடியிலேயே எண்ணத் தொடங்கிவிடுவேன்.
பதினேழு தொப்பி, பதினேழு தண்ணீர்ப் போத்தல்.
றைவர் பெனடிக்ற் கணக்கில் இல்லை.
நானும் இல்லை.

நிலாவரையில் இறங்கி
அடியே இல்லாத கிணறு என்றேன்.
அடி உண்டென்று அளந்தவர்கள் சொல்கிறார்கள்,
அதை நான் சொல்வதில்லை,
ஆட்களின் முகம் வாடிப்போகும்.
இங்கே போடும் தேசிக்காய்
கீரிமலையில் போய் மிதக்கும் என்றும் சொன்னேன்.
ஓடில் அம்மா கைப்பையைத் திறந்து
காலைச் சாப்பாட்டு மேசையில் மிஞ்சிய
பாதித் தேசிக்காயைப் போட்டார்.
முழுசாய் இருக்கவேண்டும் என்று
கதையில் ஒன்றும் இல்லைத்தானே.

கீரிமலையில் பதினாறு.
மற்றவர்கள் படம் எடுத்து, வடை தின்று,
சப்பாத்து மாட்டி வந்துவிட்டார்கள்.
அவர் கேணிப் படியில் இருந்து
ஊற்று வரும் பக்கம் பார்த்தபடி
"இன்னும் பத்து நிமிஷம்" என்றார்.
இப்படி ஒரு காரணத்துக்கு
யாரும் என் பஸ்ஸை மறித்ததில்லை.
கொடுத்தேன்.

கந்தரோடையில் என் பேச்சு சுருங்கிவிடும்.
பனைகளின் நடுவே
சட்டி கவிழ்த்ததுபோல் சாம்பல் நிற மேடுகள்.
யார் கட்டியது என்பார்கள்.
கேள்வி ஒன்றுதான்,
கேட்கிறவர் முகத்திலேயே பதிலும் இருக்கும்.
நான் ஆண்டுகளைச் சொல்வேன்,
பெயர்களைச் சொல்லமாட்டேன்.
காவலுக்கு நின்ற பெடியன் கொட்டாவி விட்டான்.
செம்பகம் ஒன்று உச்சியில் வந்து குந்தி
உறுதி எழுதி வாங்கியதுபோல் சுற்றிப் பார்த்தது.
பதினேழு.

எண்ணுவது எனக்குப் புதிதில்லை.
ஓமந்தையில் இறங்கி
பொதி அவிழ்த்து, பொதி கட்டி,
அந்தப் பக்கம் நடந்துபோய் ஏறும்போது
அப்பா எங்களை எண்ணுவார்.
ஐந்து.
ஒருமுறை நான்கு வந்தது.
தம்பி கக்கூசுக்குப் போயிருந்தான்.
அந்த ஏழு நிமிஷத்தில்
அப்பாவின் சேட்டில் எங்கெங்கே வியர்த்தது என்று
இப்போதும் கீறிக் காட்டுவேன்.
மனப்பாடம் செய்த உரையில் இது இல்லை.

கோட்டைக்கு நாலரை.
ஐந்து முனை, முதலில் போர்த்துக்கேயர், பிறகு ஒல்லாந்தர்,
கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்.
வழமையான மூலையில் வழமையான கல்லைத் தொட்டு
"இது சன்னம் பட்ட துளை" என்றேன்.
ஆறு வருஷமாய் அதே கல்,
எல்லாரும் ஒருமுறை தொட்டுப் பார்த்து
அதே "ஓ".

பஸ்ஸடியில் பதினாறு.
ஓடில் அம்மா இருந்தார். இல்லாதவர் யானிக்,
நாற்பது வருஷம் மேசன் வேலை செய்தவர்.
திரும்ப ஓடினேன்.
சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு
துளை துளையாய் விரல் விட்டபடி நின்றார்.
"இது கடல்" என்றார்.
உள்ளே வரி வரியாய், பூவின் அடிபோல.
"இதுவும் கடல்."
நான் காட்டிய கல்லுக்கு வந்தார்,
தன் விரலை எடுத்து என் விரலை விடச் சொன்னார்.
வரி தட்டுப்பட்டது.
கடல்.

பிறகு,
ஆட்கள் வந்து சேரும்வரை
ஆறு வருஷமாய் நான் முதுகு சாய்த்து நிற்கும் இடத்தில்
ஒரு குழியைக் கண்டார்.
விளிம்பு உதிர்ந்து கிண்ணம்போல்,
உள்ளே பூ நசிந்து.
அதற்கு அவர் பெயர் சொல்லவில்லை.
என் தோளின் உயரம்.

பஸ்ஸுக்குள் எண்ணினேன். பதினெட்டு.
திரும்ப முன்னிருந்து பின்னுக்கு.
பதினெட்டு.
"பிள்ளை, உன்னையும் சேத்தெல்லோ எண்ணுறாய்"
என்றார் பெனடிக்ற், கியரை மாற்றியபடி.

பின் சீற்றில் ஓடில் அம்மா
பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்:
பாதிதானே, மெல்லத்தான் வரும்,
நாளைக்குப் பார்க்கலாம்.