இடப்பக்கம்

புலாவ் தீக்குஸிலிருந்து ஊய் கிம் செங் வந்தார்,
ஓய்வு பெற்ற பல் டாக்டர்,
கூடவே மருமகனும் ஒரு தள்ளுவண்டியும்.
ஆம்ப்ளிஃபையர் இருபத்து மூன்று கிலோ,
கைப்பிடி கிடையாது,
வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள் என்றேன்.
சிரித்தார்.
பணம் எண்ணும்போது சிரிக்கவில்லை.

பதினாலாம் மாடி. லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்தது.

ஒலிப்பெட்டிகள் நின்ற இடத்தில்
தரையில் இரண்டு வெளுத்த சதுரங்கள்.
புஷ்பலீலா இருமுறை துடைத்துப் பார்த்தாள்.
போகவில்லை.
ஒன்றின்மேல் இஸ்திரி மேசையைக் கொண்டுவந்து போட்டாள்,
பதினாறு வருடமாய் அந்த இடத்துக்கு
விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவள் போல.

ஏன் மாற்றினாய் என்றவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் சொன்னேன்.
தம்பியிடம் கரண்டு பில்.
அடுக்குமாடிச் சங்கச் செயலாளரிடம்
கீழ்வீட்டு ரொஹானாவின் கைக்குழந்தை.
உண்மையில் கம்பிகள்தான்.
பதினோரு கம்பிகள்.
இதை மாற்றினால் குரல் ஓரடி முன்னால் வரும்,
அதை மாற்றினால் மிருதங்கத்தின் தோல் தெரியும் என்று
இராத்திரி ஒரு மணிக்கு அலமாரிக்குப் பின்னால்
தலையை நுழைத்துக்கொண்டு
பாட்டை விட்டுவிட்டுக்
கம்பியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதுசு ஒரே பெட்டி.
ஒரு பெங்காலி ரொட்டியின் அளவு.
பாட்டை இழுப்பதும், எண்களைச் சத்தமாக்குவதும்,
சத்தத்துக்குத் தெம்பு ஊட்டுவதும்
உள்ளேயே நடந்துவிடுகிறது.
வெளியே ஒரு திருகு, ஒரு துளை,
தலையில் மாட்ட ஹெட்போன்.

முதல் இரவு ரேலாவ் மலையில் மழை.
மாட்டியதும் மழை நின்றது.
என் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.

எனக்கு மனப்பாடமான கச்சேரி ஒன்றைப் போட்டேன்.
இரண்டு வயலின்கள்,
இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தங்கை.
தங்கை என் தோளருகே உட்கார்ந்து வாசித்தாள்.
அக்கா அடுப்படியிலிருந்து வாசித்தாள்.

மூவாயிரத்து நானூறு ரிங்கிட்டுக்கு
ஓட்டைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான்!
கோபத்தில் கழற்றி
வலது இடதாகத் திருப்பி மாட்டினேன்.
இப்போது அக்கா வந்து தோளருகே உட்கார்ந்தாள்.
தங்கை அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுபடி திருப்பினேன். மறுபடி.
கோளாறு பெட்டியோடு போகவில்லை.
என்னோடு நின்றது.

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருடம்,
ஆறாம் நம்பர் இருக்கை,
இடப்பக்கம் தகடு வெட்டும் மிஷின்.
மஞ்சள் பஞ்சு இரண்டு கொடுப்பார்கள்.
வலதில் செருகுவேன்.
இடதை விட்டுவைப்பேன்,
அந்தப் பக்கமிருந்துதான் கைருல் என்னைக் கூப்பிடுவான்.

ஒலிப்பெட்டி இருந்தவரை
இந்த ஹால் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.
சுவரும் அலமாரிக் கண்ணாடியும்
இடப்பக்கத்துப் பங்கை அள்ளி
வலப்பக்கம் கொண்டுவந்து போட்டிருக்கின்றன,
ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல்.

புஷ்பலீலாவிடம் சொன்னேன்.
காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"வீட்டுல காது, கார்ல செவிடுன்னு
நான் எத்தன வருசமா சொல்றேன்?"
யோசித்துப் பார்த்தேன்.
சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலி எனக்கு வலப்பக்கம்.
படுக்கையில் வலப்பக்கம்.
யார் எப்போது மாற்றிப் போட்டதென்று தெரியாது.
காரில் மட்டும் அவளுக்கு வேறு இருக்கை இல்லை.

பெட்டிக்குள் அதற்கும் ஒரு வழி இருந்தது.
இடதை நாலு படி ஏற்றினேன்.
அக்கா அடுப்படியிலிருந்து
வாசித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள்.
முழுதாக வரவில்லை.
நிலைவாசல் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம்.
பாலத்தின் நடுவில் லோரிகளுக்கிடையே
அவள் ஏதோ தொடங்கினாள்.
வழக்கமான "ம்" வாயில் தயாராக இருந்தது.
அதை விழுங்கிவிட்டு
வலது காது அவள் பக்கம் வரும்படி
முழுத் தலையையும் திருப்பினேன்.

"ஐயோ, ரோட்டப் பாருங்க!"

அது தெளிவாகக் கேட்டது.