பதினோரு நாள்

முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடையில்
நம் வாட்ஸ்அப் பேச்சு
பக்கம் இரண்டு ரூபாயாக வந்து விழுகிறது.
"கலரா அண்ணாச்சி, கறுப்பு வெள்ளையா?"
கறுப்பு வெள்ளை போதும் என்றேன்.
என் பச்சையும் உன் வெள்ளையும்
இப்போது ஒரே சாம்பல்.

சாப்ட்டியா.
ம்.
டூட்டி முடிஞ்சா?
இல்ல. இங்க மைனஸ் இருபத்தெட்டு.
நூற்று நாற்பது பக்கமும் இதுதான், கிறிஸ்டில்டா.
இதைப் படித்து ஒரு அதிகாரி
நாம் புருஷன் பெண்டாட்டி என்று நம்ப வேண்டும்.

கல்யாணத்துக்குப் பின் சேர்ந்து வாழ்ந்த நாட்கள்:
இருபத்திரண்டு என்று எழுதிவிட்டேன்.
அதில் இரண்டு நாள் நீ
அக்கா பிரசவத்துக்கு ஐகிரவுண்டில் கிடந்தாய்.
அடித்துத் திருத்தினால் சந்தேகப்படுவார்களோ.

ஏஜென்ட் போனில் சொல்லுகிறார்:
"பிப்ரவரியில பதினோரு நாள் ஒண்ணுமே இல்லையே சார்.
சண்டைன்னு தெரியக்கூடாது.
சிக்னல் இல்லைன்னு எழுதிருவோம்."

பாளையங்கோட்டையில்
பதினோரு நாள் சிக்னல் இல்லையாம்.

உன் அண்ணன் பந்தியில் வைத்துச் சொன்னான்:
"மாப்ள பொண்டாட்டி கையெழுத்துல பிளேன் ஏறுதாரு."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
ராத்திரி உன்மேல் பாய்ந்தேன்.
போனை அணைத்துவிட்டாய்.

சாஸ்கடூனில் இப்போ மணி என்ன என்று
கூட்டிக் கழித்துக்கொண்டே கிடந்தேன்
பதினோரு ராத்திரியும்.
அதற்கு ஸ்கிரீன்ஷாட் கிடையாது.

பிப்ரவரிக்கு நடுவே
மெஷின் வெறும் தாள் ஒன்றைத் துப்பியது.
கடைப்பெண் உருவப் போனாள்.
இருக்கட்டும் என்றேன்.
அதற்கும் ரெண்டு ரூபாய் சேர்த்துக்கொண்டாள்.